இட்லியில் தேக்கு வாசம்

"இட்லில தேக்கு வாசம் வருதுங்க" என்று முன் சீட்டுப் பெண் கணவரிடம் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். கணவர், வீட்டின் பின்பக்கத்தில் மேசை, நாற்காலி செய்கிறவர். மரத்தூளை உறிஞ்சும் மெஷின் வாங்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"துணிப்பை வச்ச சின்னது போதும். மூலையில வச்சிக்கலாம்" என்றார் கணவர்.

"அந்தப் பையில பொடித்தூளு நிக்காதுன்னு கடைக்காரரு சொன்னாரே. பொடித்தூளாலதான எனக்கு இருமலு?"

"ஃபில்டர் வச்சது பெருசு. உன் வாஷிங் மெஷின் எடத்துலதான் நிக்கும். அப்ப அத எங்க வைக்கிறது?"

"வெளிய வச்சி மேல ஷீட்டு போட்டுக் குடுங்க."

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பேசாம வேலையவே வுட்டுடறேன். உனக்கு இருமலும் நிக்கும்."

"போன மழையில பத்து நாளு ரம்பத்தத் தொடாம குந்தியிருந்தீங்க. சமையக்கட்டுலயே நின்னு, சாம்பாருக்கு உப்பு ஜாஸ்தி, ரசத்துக்குப் புளி ஜாஸ்தின்னு என் உசுர எடுத்தீங்க. அதுக்கு இருமலே தேவலாம்."

அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப பெருசே பாக்கலாங்கிற?"

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "வாஷிங் மெஷின் இருக்குற எடத்தக் காலையிலயே அளந்து எழுதிட்டேன். பெருசுக்கு நீளம், அகலம் போதுமான்னு பாருங்க."