சுத்தமான பதிவு

தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, எல்கடுவைக் குளிரிலிருந்து வந்தவனுக்கு இதுவும் வேண்டியதுதான். நீங்கள் உக்குவளைக்காரர் என்றார்கள். ரயில் சத்தத்திலேயே தூங்கிப் பழகியிருப்பீர்கள். என் கருவிக்கு அந்த ரயில் பெரிய தலைவலி.

நான் ஆறுமுகநாதன், அரசாங்கத்தில் நில ஆய்வு அதிகாரி. இந்தோனேசியாவில் ஓர் எரிமலையடியில் பயிற்சி பெற்றவன். எரிமலை வாய் திறக்குமுன் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே ஓர் அதிர்வு ஓயாமல் ஓடும். காதுக்குக் கேட்காது, நில அதிர்வுமானியின் ஊசிதான் அதைக் காகிதத்தில் வரையும். மழையில் ஊறிய மலைச்சரிவும் இடியுமுன் அப்படித்தான் முனகும் என்றேன். மாத்தளையில் எரிமலை தேடுகிறான் என்று கொழும்பில் என் மேலதிகாரிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

எல்கடுவைக்கு மேலே ஒரு சரிவு விரிசல் விட்டிருந்தது. அதன் ஓரத்துப் பாறையில் கருவியைப் பதித்து, கம்பி இழுத்து, எதிர்மேட்டுக் கொட்டகையில் இருந்து ஊசியைப் பார்த்தேன். சரிவின் அடியில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்ததுதான் சிக்கல். மேல்மண் அதிர்வு மிக மெல்லியது. பக்கத்தில் ஒருவர் நடந்தாலே பதிவில் அவருடைய காலடிதான் விழும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் தினமும் என் வேலையை மிதித்துக்கொண்டு போனார்கள்.

எண்பத்தொன்பதில் ஊரடங்கு வந்தது. ஊரே நடுங்கியது, எனக்கு மட்டும் சந்தோஷம். ரயில் இல்லை, லொறி இல்லை. மழையும் விடவில்லை. ஊசி நடுங்கத் தொடங்கி நிற்கவே இல்லை. எரிமலையடியில் பார்த்த அதே கோடு.

அன்று மத்தியானம் லயத்துத் தலைவர் மாடசாமி நனைந்துகொண்டு வந்தார்.

"ஐயா, வீட்டுத் தரை அதிருதுங்க. செவரெல்லாம் வெடிச்சிருச்சு. புள்ளைகள கூட்டிக்கிட்டு ஸ்டோருக்குப் போயிறலாமான்னு கேக்குறாங்க."

தேயிலை ஸ்டோர் பாதுகாப்பான இடம்தான். ஆனால் அத்தனை பேரும் மூட்டைமுடிச்சோடு நடந்தால் என் பதிவு என்னாவது?

"ஊரடங்கு நேரம், மாடசாமி. வெளியில வந்தால் ஆமி சுடும்," என்றேன். "ஒண்டும் நடக்காது. எல்லாரையும் உள்ளுக்கையே அசையாமல் இருக்கச் சொல்லுங்கோ."

"படிச்சவங்க சொன்னா சரிங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பாதையில் இராணுவம் ஒருநாளும் ஏறியதில்லை.

நல்ல மனிதர்கள், சொன்னபடியே இருந்தார்கள். பொழுது சாயுமுன் சரிவு இறங்கி லயத்தை மூடியது. ஊசி காகிதத்தின் விளிம்புவரை பாய்ந்தது.

இவ்வளவும் நீங்களே ஊகித்திருப்பீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன். இடிந்த பிறகும் மண் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலை அதுவரை யாரும் பதிந்ததில்லை. அதற்கிடையே கோட்டில் சின்னத் தட்டல்கள் விழுந்தன. சில தட்டல், ஓர் இடைவெளி, மறுபடியும் தட்டல். மண்ணுக்கு அப்படித் தட்டத் தெரியாது.

பக்கத்துத் தோட்டத்து முத்துவீரன் ஆட்களோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய தங்கை அந்த லயத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"உள்ள யாராச்சும் உசுரோட இருக்காங்களா ஐயா? ஒங்க மெசினுக்குத் தெரியுமாமே?"

"இல்லை," என்றேன். "மண் இன்னும் அடங்கேல்லை. ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ."

அழுதுகொண்டே ஒதுங்கி நின்றார்கள். தட்டல் மெல்லக் குறைந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த கோட்டில் ஒரு பிசிறு இல்லை.

அந்தக் காகிதத்தை உங்கள் ஆட்கள் மடித்துக் கட்டியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். தயவுசெய்து பிரித்துச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு லயத்தைக் காப்பாற்றப் போவது அதுதான்.