நாய்க்கு முந்நூறு டொலர்

"உனக்குக் கணக்கு வருமோ, பிள்ளை?" என்று கனகசிங்கம் மாமா ஒருநாள் கேட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஓம் என்று தலையாட்டினேன்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவளிடம் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் நான் விட்டு வந்தது கணக்கை அல்ல, மனிதர்களை. எழுந்து நின்று பேசு என்பார்கள். நாலு பேராகச் சேர்ந்து செய் என்பார்கள். கணக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை.

மனோரஞ்சிதம் மாமி யூனியன்வில்லில் தன் தங்கை வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. மாமாதான் ஏதோ செய்துவிட்டார் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசுகிறது. மாமா பாவம். அவருக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது என்பதை யாராவது யோசித்திருக்கலாம். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

தொடங்கியது மாமாவின் முதலாளியால். அவர் மாமாவை ஒரு கிளப்புக்கு பெசன்ற் சுடக் கூட்டிப்போனார். பெசன்ற் என்பது மாப்பிள்ளை வேஷம் கட்டிய காட்டுக்கோழி. கழுத்தில் பச்சைப் பட்டு, முகத்தில் சிவப்பு, பின்னால் ஒரு முழ வால். பண்ணையில் வளர்த்து, புதர்ப் பற்றைக்குள் விட்டு, நாயை ஏவிக் கிளப்பி, பறக்கும்போது சுடுவார்கள். அதற்கு ஆளுக்கு அறுநூறு டொலர்.

"அறுநூறோ? கோழி சுடவோ?" என்றார் சச்சிதானந்தன் அங்கிள். அவரும் இக்னேசியஸ் அங்கிளும் சனிக்கிழமைகளில் எங்கள் பேஸ்மென்றுக்கு வருவார்கள்.

"குஞ்சு வாங்கி வளத்து ஒரு காணிக்குள்ளை விட்டால் உதுதானே அது" என்றார் மாமா. "நாங்களே செய்வம்."

எங்கள் ஆட்களிடம் எதைக் காட்டினாலும் இந்தப் பதில்தான் வரும். அவர்கள் மூவரும் இருந்து கதைத்த பேஸ்மென்றே அவர்கள் மூவரும் கட்டியதுதான். அதன் கதவு இன்றுவரை முழுதாகச் சாத்துவதில்லை. சுடுகிற துவக்கும் அதற்கு லைசென்சும் மூவரும் ஒன்றாக எடுத்து, ஒன்றாக அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

செலவுக்கு இரண்டாயிரம் டொலர் ஒதுக்கினார்கள். கணக்கும் கோழியும் என் பொறுப்பு. மாமா ஒரு நிபந்தனை வைத்தார்.

"ரெண்டாயிரத்துக்குள்ளை முடிச்சியெண்டால் இனிப் பள்ளிக்கூடக் கதை எடுக்கமாட்டன். ஒரு டொலர் கூடினாலும் தை மாசம் நீ வகுப்பிலை இருக்கிறாய்."

"பிள்ளையை விடுங்கோப்பா. வீட்டிலை இருந்து என்ன குடியைக் கெடுத்தவள்?" என்றார் மாமி. அம்மா மறுமணம் செய்து லண்டனுக்குப் போனபின் என்னை வளர்த்தவர் மாமிதான். பள்ளிக்கூட விஷயத்தில் என் பக்கம் நின்றவரும் அவர் ஒருவரே. மாமா அவர் சொல்லைக் கேட்பதில்லை என்பதுதான் குறை.

பிக்கரிங்குக்கு வடக்கே மரியோ என்பவரின் தோட்டத்தில் ஒரு பக்கக் காணியை வாடகைக்குப் பிடித்தோம். பறவை வளர்க்கும் அனுமதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. மாமா வேலைக்குப் போகும் வழியில் என்னை அங்கே இறக்கிவிடுவார். மரியோவுக்கும் பேச்சுப் பிடிக்காது. நான் வாழ்ந்த இடங்களில் அதைப்போல் நல்ல இடம் கிடையாது.

இரண்டாம் வாரத்திலிருந்து மாமியும் ஒரு மடக்குக் கதிரையோடு வரத் தொடங்கினார். குஞ்சுகள் நாற்பது. சேவல்களுக்கு அவர் கோயில் நிர்வாக சபையின் பதவிகளைப் பெயராக வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தது தலைவர். எந்நேரமும் தின்றது பொருளாளர். மற்றவற்றைக் கொத்தியது செயலாளர். பெட்டைகளுக்கு நிர்வாகத்தில் இடமில்லாததால் எல்லாவற்றுக்கும் தங்கச்சி என்று பெயர்.

"தலைவர், வாங்கோ! தங்கச்சி, நீயும் வாம்மா!" என்று மாமி குரல் கொடுத்தால் நாற்பதும் விழுந்தடித்து ஓடிவரும். கோயில் திருவிழாவில் தேவாரம் பாடுகிற குரல் அது. மைக் வேண்டாம்.

பிறகு ஒரு பிழை நடந்தது. வேட்டைக்கு நவம்பர் முதல் சனிக்கிழமையைக் குறித்திருந்தோம். நாயோடு வருவதற்கு லெஸ்லி என்பவரிடமும் பேசியாயிற்று. கோயில் கலண்டரை ஒருவரும் பார்க்கவில்லை. அன்றுதான் கந்தசஷ்டி விரதம் தொடக்கம்.

"சுடலாம். சாப்பிடத்தான் கூடாது" என்றார் மாமா.

"கொடியிலை சேவல் வைச்சிருக்கிறவருக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு சேவல் சுடப்போறியளோ?" என்றார் மாமி.

"கொடியிலை இருக்கிறது ஊர்ச் சேவல். உது வேறை சாமான்."

"அண்ணை, நான் வேதக்காரன்" என்றார் இக்னேசியஸ் அங்கிள். "நீங்கள் ரெண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிடுங்கோ. நாப்பதையும் நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீ பாத்துக்கொண்டுதான் இருப்பாய். உனக்கு எங்கை சூடு படுறது?" என்றார் சச்சிதானந்தன் அங்கிள்.

வேட்டை ஒரு வாரம் தள்ளிப்போனது. தீனுக்கும் வைக்கோலுக்கும் மேலதிகமாக எண்பது டொலர். என் கணக்கில் நாய்க்கு முந்நூறும் தோட்டாவுக்கு எழுபதும் மட்டும்தான் மிச்சமிருந்தன. அந்த எண்பது என்னை நேரே வகுப்பறைக்குள் கொண்டுபோய் இருத்தும்.

எதைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். தோட்டாவில் குறைக்க முடியாது. மூவரும் குறிபார்க்கும் விதத்துக்கு எழுபது டொலரே போதாது. மிஞ்சியது நாய். நாய் செய்யும் வேலை என்ன? பறவையைப் பற்றையிலிருந்து வெளியே கொண்டுவருவது. அதைச் செய்ய இன்னொருவர் இருந்தார், கூலியில்லாமல்.

முதலில் நானே செய்துபார்த்தேன் என்பதைச் சொல்லவேண்டும். தீன் தகரத்தைக் குலுக்கினேன். காற்றில் அது கேட்கவில்லை. முயன்றால் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மூன்று ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்குக் கத்த வராது. அது என் சுபாவம்.

மாமி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தார். ஏழாம் நாள், பாறணைச் சோறு போடும்போது, மெதுவாகச் சொன்னார்.

"அதுகளைச் சுடக்கூடாதெண்டு முருகனிட்டை நேர்ந்திருக்கிறன், குஞ்சு. மாமாவுக்குச் சொல்லிப்போடாதை, சிரிப்பார்."

நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம், மாமா மனம் மாறிவிட்டார், பறவைகளைத் திறந்துவிடப் போகிறார் என்று மாமியிடம் சொன்னேன். மாமாவிடம், பறவைகளைக் கூப்பிட்டுத்தர மாமி சம்மதித்துவிட்டார் என்றேன். "அவள் ஓமெண்டவளோ?" என்று மாமா கேட்டார். ஓம் என்றேன். விரதம் முடிந்தால் எல்லோரும் இறைச்சிக்குத்தானே வருவார்கள் என்று அவரும் நம்பினார். இதற்குமேல் நான் பொய் பேசவில்லை.

சனிக்கிழமை காலை மரியோ கூட்டைத் திறந்துவிட்டார். அவை பசியோடு இருக்கட்டும் என்று முந்தின நாள் நான் தீன் போடவில்லை. பற்றைகளுக்குள் வால்கள் அசைவதைப் பார்த்து மாமி கைகூப்பினார்.

"பாத்தியே, விட்டுப்போட்டார். மனுசனுக்கு நெஞ்சிலை ஈரமிருக்கு."

வெளியை நோக்கித் திறந்த ஒரு பழைய கொட்டில் அங்கே உண்டு. மூவரும் விடியமுன்பே வந்து அதற்குள் இருந்தது மாமிக்குத் தெரியாது. அவர்களுடைய காரை மரியோவின் வீட்டுக்குப் பின்னால் விடச் சொல்லியிருந்தேன். மாமியைக் கொட்டிலின் பின்மூலையில் நிறுத்தினேன். தோட்டாவின் ஒரு சன்னமும் அந்தப் பக்கம் வராது, அதை நன்றாகப் பார்த்துத்தான் நிறுத்தினேன். காதுக்குப் பஞ்சு கொடுக்கவும் நினைத்தேன். கொடுத்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

"கடைசியாய் ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கோ, மாமி. வருகினமோ எண்டு."

மாமி கூப்பிட்டார். தலைவர் முதலில் வந்தார், வழக்கம்போல். பின்னால் பொருளாளர், பின்னால் தங்கச்சிகள். பறக்கவில்லை. வெட்டவெளியில் நடந்து வந்தார்கள், கூட்டத்துக்குப் பிந்திவிட்டவர்கள் மாதிரி. பறக்கிற பறவையைச் சுடத் தெரியாத மூன்று பேருக்கு இதைவிட வசதி செய்துகொடுக்க முடியாது.

முதல் வெடி விழுந்தது. பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவற்றைத் தன் பக்கம் வரவழைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கவேண்டும். இன்னும் பெரிதாகக் கூப்பிட்டார். "ஓடி வாங்கோ! தங்கச்சி, இஞ்சாலை வா, இஞ்சாலை!" பற்றைக்குள் ஒளிந்தவையும் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பி வந்தன. லெஸ்லியின் நாயால் அதைச் செய்திருக்க முடியாது.

முப்பத்திநாலு விழுந்தன. கொட்டிலுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "எனக்குக் கைவந்திட்டுது, அண்ணை!" என்றார் இக்னேசியஸ் அங்கிள். மாமா வெளியே வந்து, "மனோ, நீ கெட்டிக்காரியப்பா" என்று மாமியைப் பார்த்து மனதாரப் பாராட்டினார். மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த வருடத்தில் நான் பேசிய மிக நீளமான வசனம் அது.

"மாமி, இருநூற்றி இருவது டொலர் மிச்சம். இனிப் பள்ளிக்கூடக் கதையை ஒருத்தரும் எடுக்காயினம். உங்களாலைதான்."

கோபம் வந்தால் மாமி வாய்விட்டுத் திட்டுகிறவர், மாமாவைக் கேட்டுப்பாருங்கள். என்னை ஒரு சொல் திட்டவில்லை. அதனால் என்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சேலையில் ஒட்டியிருந்த ஒரு இறகை எடுத்து வேலிக்கம்பியில் செருகிவிட்டு, கதிரையையும் எடுக்காமல், மரியோவின் சரளைக்கல் பாதையில் இறங்கி, பெரிய ரோட்டுப் பக்கம் நடந்து போனார்.