அக்காவுக்கு வந்த அழைப்பு

லஸ்ஸிலிருந்து கிளம்பிய டிராமில் எனக்கு எதிரே ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்களை அழைக்கக் குங்குமச் சிமிழோடு புறப்பட்டிருந்த மயிலாப்பூர் மாமி.

“லோகத்துல எத்தனையோ தேசம் இருக்கே, இங்கே எதுக்கு வந்தேள்?” என்றாள் மாமி.

“எனக்கு அழைப்பு உண்டாயிற்று, அம்மா.”

“யார் வந்து அழைச்சா?”

“கர்த்தர்.”

“நேர்லயா?”

மிஷன் அம்மாள் மாமியின் பக்கம் சற்றுக் குனிந்தாள்.

“மெய்யைச் சொல்லுகிறேன். என்னை அழைத்தது சீனாவுக்கு. இந்தியாவுக்கு அழைக்கப்பட்டவள் என் தமக்கை. கப்பல் ஏறுமுன் காய்ச்சலில் மரித்துப்போனாள். அவளுக்காகத் தைத்த பருத்திக் கவுன்கள் பெட்டி நிறைய இருந்தன. எனக்கு அளவு சரியாயிருந்தது.”

மாமி அவளுடைய கவுனைக் கழுத்திலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“அழைக்காத இடத்துக்கு வந்துட்டோமேன்னு மனசுல இருக்கோ?”

“தினமும், அம்மா.”

“நன்னாருக்கே! மூத்தவா பேரைச் சொல்லி அழைச்சா, அந்த ஆத்துல எல்லாரையும் அழைச்சதாத்தானே அர்த்தம்?”