ஜாவா மேடம்

நாவலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த சமயம். கூடுவாஞ்சேரியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"காலேஜ்ல நமக்கு ஜாவா எடுத்த மேடம் இப்ப என் பக்கத்து சீட்டுடி."

"இன்னாடி சொல்ற?"

"லெக்சரர் வேலைய வுட்டுட்டு எங்க கம்பெனில புதுசா சேந்துட்டாங்க. என்கூடத்தான் டிரெய்னிங். கடைசி டெஸ்ட்ல தேறலைன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தேறினாங்களா?"

"எனக்கு மேல பயந்துகினு இருந்தாங்க. தினம் கேன்டீன்ல ஒண்ணா உக்காந்து படிச்சோம். நேத்து ரிசல்ட், ரெண்டு பேரும் பாஸ். என்னைக் கட்டிப் புடிச்சி அழுதுட்டாங்க."

"அப்புறம்?"

"இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுன்னாங்க."

"கூப்பிட்டியா?"

"சரிங்க மேடம்னு சொன்னேன்."