கரைக்குப் பதில் ஊதியவன்

விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடுங்கள். இது நம் பிரிஜித்தின் கூடப்பிறந்த அக்கா சொலேனுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவரவர் படகுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பொழுது சாயும் நேரம்... கரீபியக் கடலில் கரியாக்கூத் தீவுக்கு அப்பால், ஆளரவம் இல்லாத ஒரு தீவு. வளைகுடாவில் ஒரே ஒரு பாய்மரப் படகு. சொலேன், அவள் கணவன் யான், ஏழு வயது மகள் நொல்வென். வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடித்தனம்.

அன்று பகல் முழுக்க மூவரும் தீவைச் சுற்றியிருந்தார்கள். ஆட்டுத் தடம் பிடித்து ஏறி, முள்ளில் கீறிக்கொண்டு மறுபக்கக் கடற்கரையில் இறங்கியபோது, மணலில் பாதி புதைந்த சங்குகள் வரிசையாக இருந்தன. யாரோ பாத்தி கட்டிக் காய்கறி போட்டிருப்பார்கள் என்றான் யான். கடற்கரை மணலில் காய்கறி! ஒரு முனையில் இருந்த பெரிய சங்கை நொல்வென் இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்துவந்துவிட்டாள்.

நம் ஆட்களுக்குத்தான் அந்தக் கிறுக்கு உண்டே... சூரியன் முங்கும்போது படகுக்குப் படகு சங்கு ஊத வேண்டும். யான் ரம்பத்தை எடுத்து அதன் நுனியை அறுத்தான். பல் வைத்தியரிடம் பல்லைத் தேய்க்கும்போது வருமே, அந்த வாடை. சொலேனுக்கு என்னவோ பிடிக்கவில்லை. 

சூரியன் முங்கியது. யான் ஊதினான்... நீளமாக.

கரையிலிருந்து பதில் வந்தது.

தாழ்ந்த ஓசை. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி, மறுபடி. யானுக்கு ஒரே குஷி. இன்னொரு தடவை ஊதினான். இந்தத் தடவை பதில் தண்ணீர் ஓரத்திலிருந்து வந்தது. கரையில் ஒரு வெளிச்சம்கூட இல்லை.

மறுநாள் பக்கத்துத் தீவிலிருந்து சிங்கி இறால் விற்க வந்த மீனவன் கத்பர்ட், சங்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். எங்கே எடுத்தது, ஊதினீர்களா என்று கேட்டான். மறுபக்கக் கடற்கரையில் எடுத்தது, ஊதினோம் என்றாள் சொலேன்.

"அந்தச் சங்கு வரிசை அகாதாவோட சமாதி. அவ பொண்ணு படகுல போனா, திரும்பல. சாகிற வரைக்கும் அகாதா இங்கேயே தனியா இருந்து, தினம் சாயங்காலம் கரையில நின்னு சங்கு ஊதுவா. எங்க வழக்கம் அது. கரையிலேர்ந்து ஊதினா கடல்லேர்ந்து பதில் ஊதணும். நான் வந்துட்டேன்னு அர்த்தம்."

 இப்போதே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம் என்றாள் சொலேன்.

"சங்கை வெச்சிடலாம் மேடம். பதிலை எப்படித் திருப்பி எடுப்பீங்க?"

வைத்தார்கள். கத்பர்ட் சொன்னபடி மணலில் ரம் ஊற்றினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். சாயங்காலம் படகில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது... அதே ஓசை. நடுவில் மூச்சு வாங்கி. நொல்வென் கரண்டியை வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீரில் இறங்கும் ஏணியை நோக்கி நடந்தாள். சொலேன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள்.

"அம்மா கூப்பிடறாங்க."

"அம்மா நான்டி. இங்கதானே இருக்கேன்."

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது. வழி கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோல, மரியாதையாக.

"சரிங்க மேடம். ஆனா அவங்க ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்காங்க."

மேடமாம்... பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்.

அந்த இருட்டிலேயே நங்கூரத்தைத் தூக்கினார்கள். மார்த்தினிக் துறைமுகம் வந்தார்கள். அங்கே சாயங்காலம் எத்தனையோ படகுகள் சங்கு ஊதின. எல்லாம் அடங்கிய பிறகு, கடைசியாக ஒன்று. நடுவில் மூச்சு வாங்கி... யான் வானொலியைச் சத்தமாக வைத்தான். கொஞ்சம் குறைக்கிறீர்களா என்று பணிவாகக் கேட்டாள் நொல்வென். வைத்தியர் பார்த்தார், பாதிரியார் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சாயங்காலம் ஆனால் மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவாள் சொலேன். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் படகை விற்றுவிட்டுக் கடல் வாடையே எட்டாத ஒரு மலையூருக்குக் குடிபோனார்கள். அங்கேயும் பொழுது சாய்ந்தால் நொல்வென் வாசல் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்பாள்.

போன மாதம் ஒருநாள் பொழுது சாய்ந்தும் அவள் வாசலுக்குப் போக எழுந்திருக்கவில்லை. தன் பாட்டுக்கு உட்கார்ந்து படம் வரைந்தாள். அடுத்த நாளும் அப்படியே. சந்தோஷம் தாங்காமல் தங்கைக்குப் போன் போட்டாள் சொலேன். பிரிஜித் பக்கத்தில்தான் நான் இருந்தேன். அழுகையும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தவள், சும்மா, மகளைக் கேட்டாள்.

"இப்பல்லாம் சங்குச் சத்தம் கேக்கலையா கண்ணு?"

குழந்தை சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"இனிமே எதுக்கு ஊதணும் மேடம்... அவங்கதான் வந்துட்டாங்களே."