போர்டுல கடைசிப் பேரு

இல்ல தம்பி, திரும்பிப் பாக்குறீங்களே, அது மெனு இல்ல. மெனு உங்க முழங்கைக்குக் கீழ இருக்கு பாருங்க. சுவத்துல தொங்குற கரும்பலகை நம்ம பசங்களுக்கு. இங்க யுனிவர்சிட்டில ஆடிட்டு, இப்ப வெளியில சம்பளத்துக்கு ஆடுறானுங்களே, அவனுங்களுக்கு. ஞாயித்துக்கிழமை எவன் எங்க என்ன கிழிச்சான்னு திங்கக்கிழமை காலைல நான் எழுதணும். எழுபத்தி ஒண்ணுலேருந்து எழுதுறேன், இருபத்திரண்டு வருசம். எழுதலேன்னா இந்த ஊரு ஆம்பளைங்களுக்குக் காப்பி தொண்டைல இறங்காது.

ஊத்தவா? தொப்பியைக் கழட்டி வச்சுக்கலாம். வேணாமா, சரி இருக்கட்டும்.

எங்க யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்குப் பேரு கொக்கு. சிரிக்காதீங்க. வசந்தத்துல ஆத்துல வந்து இறங்குமே, அந்தக் கொக்குதான். அதுங்களாவது வருசா வருசம் சொன்ன நேரத்துக்கு வந்து சேருதுங்க. இவனுங்க சனிக்கிழமை நாப்பதாயிரம் பேரு பாக்க, பந்தைக் கைல வச்சுக்கிட்டு ஓடி, கோட்டுக்கு ரெண்டு கஜம் இருக்கும்போது கீழ போட்டானுங்க. நேத்து சர்ச்சுல பாதிரியார் அதுக்கும் ஒரு ஜெபம் பண்ணினாரு. போன வாரம் ஊர்ல ரெண்டு சாவு. அவங்க பேரு அதுக்கப்புறந்தான் வந்துச்சு.

போர்டுல முதல் பேரு கார்வின் ஸ்டெக். டெட்ராய்ட்ல ஆடுறான். நேத்து அவன் கைக்கு நாலு தடவை பந்து வந்துச்சு, மூணைக் கோட்டை விட்டான். நான் என்ன எழுதியிருக்கேன்? ஒண்ணு பிடிச்சான். மூணையும் எழுதினா இங்க காப்பி குடிக்க வர்றவனுங்க என்னோட சண்டைக்கு நிப்பானுங்க. நான் பொய் எழுத மாட்டேன் தம்பி. பாதியை விட்டுருவேன், அவ்வளவுதான்.

அடுத்தவன் கனடாவுக்குப் போயிட்டான். இங்க எவனும் சேத்துக்கல, அதனால போனான். அதை இவனுங்க வெளிநாட்டு ஒப்பந்தம்கிறானுங்க. நாலு வருசம் இங்க படிச்சான், லைப்ரரி எந்தத் தெருவுலன்னு கேட்டா முழிப்பான்.

மூணாவது ஜோலீன் டிவோராக். இத்தாலில வாலிபால். இந்த போர்டுலயே உருப்படியா ஆடுற ஒரே ஆளு அவதான். அவ பேரைப் படிச்சா, பொம்பளை ஆட்டம்தானேன்னு இவனுங்க எல்லாரும் சர்க்கரை டப்பாவைத் தேடுவானுங்க. ஒமாஹால கண்ணு ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டரும் இங்க படிச்சவருதான். அவரு பேரையும் எழுதட்டுமான்னு ஒருநாள் கேட்டேன். அவரு எந்த இடத்துல ஆடினாருன்னு கேட்டான் ஒருத்தன். நிசமாவே கேட்டான்.

கொலாச்சே பன்னு இன்னொண்ணு வைக்கிறேன். கசகசா வச்சதுதானே?

கடைசிப் பேரா? அதைத்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன். லானி ப்ளாஹா. பண்ணைக்காரப் பையன். ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லாம, கோச் வீட்டு வாசல்ல நின்னு கெஞ்சிக் கூத்தாடி டீம்ல ஒட்டிக்கிட்டவன். இந்தப் பக்கத்துல அப்படி ஒட்டிக்கிற பசங்கன்னா சனங்களுக்கு உசுரு. ஏன்னா இங்க உக்கார்ற ஒவ்வொருத்தனுக்கும் அது தானாயிருந்திருக்கலாம்னு ஒரு நெனப்பு. தொந்தியைப் பாத்தா தெரியாது. லானிக்குப் பந்தைத் தொடுற வேலைகூட கிடையாது, முன்னால நின்னு இடி வாங்குற வேலை. அதை நல்லா வாங்கினான், அதைச் சொல்லணும். சியாட்டில் டீம்ல எடுத்துக்கிட்டாங்க. ஆடுறதுக்கு இல்ல, ஆடுறவனுங்க பயிற்சி பண்றப்ப எதிர்ல நின்னு மோதிக் குடுக்க. அதனால போன வருசம் பூரா அவன் பேருக்கு நேரா ஒரே வார்த்தைதான். ஆடவில்லை.

அவங்க அப்பா எமில் அதோ, போர்டுக்கு நேர் கீழ அந்த ஸ்டூல்லதான் உக்காருவாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. பேப்பர் படிக்க முடியாது. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க, சீசன் முடியட்டும்னுட்டாரு. நான் உள்ளங்கை அகலத்துக்கு எழுதுறதனால இது மட்டும் தெரியும். திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்ததும் பையன் வரியைத்தான் முதல்ல சத்தமாப் படிப்பாரு. படிச்சிட்டு, கோச் அவனைப் பெரிய மேட்சுக்குன்னு பத்திரமா வச்சிருக்காரும்பாரு.

இந்த ஆகஸ்ட் கடைசில பேப்பர்ல ஆறாம் பக்கம், எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல ஒரு வரி. சியாட்டில் விடுவித்த ஆட்டக்காரர்கள்னு போட்டு, நடுவுல ப்ளாஹா. ஊரே பாத்துச்சு. பாக்காம இருப்பானுங்களா, பொண்டாட்டி பொறந்தநாள் தெரியாது, ஆறாம் பக்கம் தெரியும். செப்டம்பர் முதல் திங்கக்கிழமை எமில் புதுத் தொப்பி போட்டுக்கிட்டு சீக்கிரமே வந்து உக்காந்துட்டாரு. என் கைல சாக்பீஸ். பின்னால பதினஞ்சு பேரு. நான் எழுதினேன், ஆடவில்லைன்னு.

பொய்யா அது? டீம்லயே இல்லாதவன் எப்படி ஆடுவான்.

ஆறு திங்கக்கிழமை ஆச்சு. இந்த ஊர்ல வாயை மூடத் தெரிஞ்சவன் ஒருத்தன் கிடையாது. பக்கத்து வீட்டுப் பசு எத்தனை மணிக்குக் கன்னு போட்டுதுன்னு சொல்லுவானுங்க. ஆனா எமில் அந்த வரியைப் படிக்கிறப்ப பதினஞ்சு பேரும் அவனவன் கோப்பைக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. எனக்கு அவனுங்க மேல மரியாதை வந்துருமோன்னு பயமா இருக்கு.

அந்தப் பையன் மேல வரல. ஞாயித்துக்கிழமை தவறாம அப்பாவுக்குப் போன் பண்றானாம். நேத்தும் பண்ணினானாம். சியாட்டில்ல ஒரே மழைன்னானாம். ஆளு இங்கேருந்து நாப்பது மைல்ல, கிராண்ட் ஐலண்ட்ல தீவனக் கிடங்குல மூட்டை தூக்கிக்கிட்டிருக்கான். பால் வண்டிக்காரன் பாத்துட்டு வந்து சொன்னான். அங்க மூணு வாரமா ஒரு தூத்தல் கிடையாது.

அது அவன் பாடுன்னு விட்டிருப்பேன். ஆனா வியாழக்கிழமை எமில் பஸ் ஏர்றாரு, சியாட்டிலுக்கு. ஒமாஹாவைத் தாண்டினதில்ல அந்த மனுசன். ரெண்டு நாள், மூணு எடத்துல பஸ் மாறணும், பலகையெல்லாம் யார் படிச்சுச் சொல்லுவா? பையன் ஆடாட்டியும் பரவால்ல நோர்மா, ஓரத்துல அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிப்பான்ல, நிறம் தெரிஞ்சா போதுங்கிறாரு. டிக்கெட்டைத் தொப்பிக்குள்ள செருகி வச்சிருக்காரு. அவனுக்குச் சொல்லிராத, திடீர்னு போய் நிக்கணும்னாரு. அதான் சனிக்கிழமை அந்தக் கிடங்குக்குப் போனைப் போட்டு, திங்கக்கிழமை போர்டு எழுத ஆள் வேணும், லானி ப்ளாஹாகிட்ட சொல்லுங்கன்னு மட்டும் சொல்லி வச்சேன்.

கசகசாவை மட்டும் நோண்டித் தின்னுட்டு ஓரத்தை அப்படியே வச்சிருக்க பாரு. ஏழு வயசுலேருந்து இதே பழக்கம். தாடி வச்சுக்கிட்டு, போர்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா எனக்குத் தெரியாதாடா?

மணி பத்தாகப் போகுது. அவரை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிச் சத்தம் அதுதான், சைலன்சர் போன வண்டி.

இந்தா சாக்பீஸ். என் கையெழுத்துல இனிமே வராது. உன் பேருக்கு நேரா என்ன போடணுமோ நீயே போடு, லானி. பெரிசா எழுது, அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது.