பூனைத் தீனி

கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது, சார். நோட்டு கசங்கும், சில்லறை தொலையும். கார்டு என்றால் அந்தத் தொல்லை இல்லை. தேய்த்த கையோடு எங்கே, எவ்வளவு என்று போனுக்குச் செய்தி வந்துவிடும். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தபடியே, வீட்டுக்காரி இப்போது எந்தக் கடையில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு நிம்மதி.

கல்யாணமான புதிதிலேயே என் கணக்கில் அவளுக்கும் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்தேன். ரொக்கம் கொடுத்ததில்லை. வேண்டியதை வாங்கிக்கொள், பில்லை என் மேஜையில் வை, யாரிடமும் கை நீட்டாதே என்று சொன்னேன். எத்தனை புருஷன் அப்படிச் சொல்வான்? ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அவள் தங்கையையே கேட்டுப் பாருங்கள்.

ஒருமுறை மளிகை பில் வரவில்லை. கடையில் மிஷின் ரிப்பேர் என்றாள். நான் போய்க் கேட்டேன். நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் பூனைத் தீனி இருந்தது. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. கீழ் வீட்டு டியூஷன் டீச்சர்தான் பூனை வளர்க்கிறார். மாடிப்படியில் பார்த்தபோது பேச்சுக் கொடுத்தேன். பாவம், வெள்ளந்தி.

"என் சாமானையும் உங்க வீட்டம்மா அவங்க கார்டுலயே போட்டுடறாங்க. நான் காசா கையில குடுத்துடறேன். தங்கச்சி வீட்டோட போய் இருக்கறதுக்குத்தானே சேக்குறாங்க? உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னாளே என்று சிரித்துவிட்டு மேலே வந்தேன். என் கார்டைத் தேய்த்து, என் பணத்தையே காசாக்கி, என்னை விட்டுப் போகப் பார்த்திருக்கிறாள். எனக்கே காது குத்தியிருக்கிறாள். இவளைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பணம் சலவைத் தூள் டப்பாவுக்குள் இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி அடியில் புதைத்திருந்தாள். உடனே எடுக்கவில்லை. கார்டையும் உடனே நிறுத்தவில்லை. துணிக்கடையில் கார்டு போகாவிட்டால் துணியை வைத்துவிட்டு வந்துவிடுவாள், அதில் என்ன இருக்கிறது? அவளுக்கு ஆஸ்துமா. காத்திருந்தேன்.

குளிர் ஆரம்பித்தது. ஒரு காலையில் இன்ஹேலரைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தீந்துபோச்சுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. குளிச்சிட்டுப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"வாங்கிக்கோ. அதான் கார்டு இருக்குல்ல," என்றேன்.

அவள் குளித்து வருவதற்குள் டப்பாவைத் திறந்து, பணத்தை எடுத்து, தூளை மேலே சமமாகத் தட்டி வைத்தேன். கடைக்கு வந்ததும் அவள் கார்டை மட்டும் நிறுத்தினேன்.

மருந்துக் கடையில் கார்டு மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மருந்துக் கடையிலிருந்து. கடன் கேட்டிருக்கலாம்தான். கேட்க மாட்டாள், அப்படிப் பழக்கியிருந்தேன். அப்புறம் போன் அடித்தாள். ஒரு பெரியவருக்குப் புது பிரேமை மாட்டி, காது பக்கம் இறுக்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கெஞ்சியிருப்பாள். கெஞ்சினால் என் மனசு இளகிவிடும்.

வீட்டுக்குத் திரும்பி டப்பாவில் தேடியிருக்கிறாள். சமையலறைத் தரை முழுக்கத் தூள் கொட்டிக் கிடந்தது, அதன் நடுவில் அவள் மூச்சில்லாமல் கிடந்தாள் என்று நீங்களே சொன்னீர்கள். அந்தத் தூசி அவளுக்கு ஆகாது. துணி துவைக்கும்போதே மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வாள்.

நான்தான் செய்தேன், சார். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வரும் வழியில் நானே ஒரு இன்ஹேலர் வாங்கினேன். கார்டில்தான். செய்தி போனில் இருக்கிறது, பாருங்கள். பெண்டாட்டிமேல் பாசமில்லாதவன் அதை வாங்குவானா?